பன்னிரண்டு குடுவைகளும் ஒரு சுவிட்சும்

ஃப்ளோரன்ஸ் ஆறாவது குடுவைக்கு அலுமினியத் தாள் சுற்றிக்கொண்டிருந்தாள். அடியில் இரண்டு மடிப்பு, கழுத்தில் ஒரு முறுக்கு, வாயிலிருந்த பஞ்சடைப்புக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு கவிழ்ப்பு. ஊசிமுனை அளவு வெளிச்சம்கூட உள்ளே போகக் கூடாது. தவக்காலத்தின் கடைசி வாரங்களில் ராயபுரம் கோயிலில் சுரூபங்களுக்கு ஊதாத் துணி சுற்றும் பெண்களில் அவளும் ஒருத்தி. அந்தோனியார் கையிலிருக்கும் குழந்தை இயேசுவின் விரல்கூட வெளியே தெரியாமல் சுற்றிவிடுவாள். இந்தக் குடுவையெல்லாம் அவளுக்கு எம்மாத்திரம்.

"போதும் ஆன்ட்டி. இதுக்கு மேல சுத்துனா ஃபாயில் கம்பெனிக்காரன் விருது குடுக்க வந்துடுவான்" என்றாள் அனிஷா.

"நீ சும்மா இரு கண்ணு. அப்பால வெளிச்சம் பூந்துட்சின்னு நீதான் மூக்க சிந்துவ."

திருவொற்றியூரில் ஒரு கல்லூரி. அதன் இரண்டாவது மாடியில் ஆய்வுக்கூடம். அனிஷா அங்கே நான்காம் வருட ஆராய்ச்சி மாணவி. வண்ணாரப்பேட்டையில் கடைகளுக்கு நைட்டி வெட்டித் தைத்துக் கொடுப்பவரின் மகள். ஃப்ளோரன்ஸ், ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்த உதவியாளர். கண்ணாடிச் சாமான்களைக் கழுவ வேண்டும், ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து திறக்க வேண்டும், மாலையில் எல்லோரும் போன பின் பூட்ட வேண்டும். ஐம்பத்திரண்டு வயது, பத்தாவது வரை படிப்பு. இந்த வேலையில் ஏழு வருடமாக ஒரு சோதனைக் குழாயைக்கூட உடைத்ததில்லை.

கல்ச்சர் அறை என்று சொல்லப்பட்ட அந்தச் சிறிய அறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் நான்கு டியூப் லைட். கீழே இரவும் பகலும் மெதுவாக ஆடிக்கொண்டிருக்கும் ஒரு மேசை, அதன்மேல் பன்னிரண்டு குடுவைகள். எல்லாவற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து எடுத்துவந்த தண்ணீர், அந்தத் தண்ணீரிலேயே வாழும் பாக்டீரியா, அதோடு கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள். ஆறு குடுவைகள் தாள் சுற்றியவை, ஆறு வெறும் கண்ணாடி. இரண்டு நாள் கழித்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டைத் தட்டில் தடவி, மறுநாள் அதில் முளைக்கும் புள்ளிகளை எண்ணி, எதில் எத்தனை பாக்டீரியா பிழைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அனிஷாவின் நான்கு வருடமும் இதற்குள்தான் இருந்தது.

முதல் முறை செய்தபோதே ஃப்ளோரன்ஸ் கேட்டிருந்தாள். "ரெண்டுலயும் ஒரே தண்ணி, ஒரே வெள்ளி. வெளிச்சம் மட்டும் வந்து இன்னா பண்ணிடப் போவுது?"

"இருட்டுலயும் வெள்ளி கொல்லும் ஆன்ட்டி. ஆனா சோம்பேறித்தனமா கொல்லும். வெளிச்சம் பட்டா முழிச்சுக்கும். வெள்ளி சீக்கிரமா கரைஞ்சு வெளிய வரும், கூடவே ஆக்சிஜன்லயே ஒரு முரட்டு வகை கெளம்பும். ரெண்டும் சேர்ந்து பாக்டீரியா தோலைப் பொத்தல் போட்டுடும்."

"வெளிச்சம் பட்டா செத்தேன்னு கத்தறது எங்க வூட்டுக்காரரு. அப்ப அவரும் பாக்டீரியா ஜாதிதான்னு சொல்லு."

அனிஷா சிரித்து முடிக்கச் சிறிது நேரமானது. பிறகு சொன்னாள், "நாத்தம் அடிக்காத சாக்ஸ், பனியன்னு விக்கிறாங்கள்ல, அதுல பல துணியில இந்த வெள்ளி இருக்கு. தொவைக்கத் தொவைக்க தண்ணியோட போயிடும். அங்கங்க போயி கடைசில முகத்துவாரம். அங்க இருக்கற பாக்டீரியாதான் கசடத் தின்னு தண்ணிய உயிரோட வச்சிருக்கு. இருட்டுல மட்டும் டெஸ்ட் பண்ணா, இவ்வளவு வெள்ளி போனா பரவாயில்லன்னு வரும். முகத்துவாரம் இருட்டுலயா இருக்கு? மொட்டை வெயில்ல இருக்கு."

இது ஃப்ளோரன்ஸுக்குப் புரிந்தது. முதல் முறை எண்ணி முடித்த தட்டுகளைக் குப்பைக்குக் கட்டும்போது தன் கண்ணாலேயே பார்த்தாள். இருட்டுக் குடுவையின் தட்டில் ரவையை அள்ளித் தெளித்த மாதிரி புள்ளிகள். வெளிச்சக் குடுவையின் தட்டில் எங்கோ பத்து, இருபது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறையும் அப்படியே வந்துவிட்டால் அனிஷா எழுத உட்காரலாம்.

அந்த மூன்றாவது முறைதான் இந்தச் சனிக்கிழமை. சுவிட்சுக்கு மேலே "விளக்கை அணைக்காதீர்கள்" என்று எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. எழுதியது அனிஷா, பிளாஸ்திரி வைத்து ஒட்டியது ஃப்ளோரன்ஸ்.

இரண்டு மணிக்கு அனிஷா கிளம்பிவிட்டாள். ஃப்ளோரன்ஸ் கல்ச்சர் அறையில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் கணவர் லியோனார்டு போன் செய்தார். கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டதாம். "வந்துகினுகீறேன், நீ கத்தாத" என்று போனைத் தோளில் இடுக்கியபடியே வாளியைத் தூக்கினாள், வெளியே வந்தாள், பூட்டினாள். கேட்டில் வாட்ச்மேன் அன்பரசன் வழக்கம்போல அவள் பையைப் பார்த்து, "இன்னா சிஸ்டர், இன்னிக்கு எத்தினி கிலோ வெள்ளி?" என்றார். "உன் பொண்ணு கல்யாணத்துக்குத்தான்யா சேத்துகினுகீறேன்" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தாள். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வாலைப் பிடித்தாற்போல நின்றன. காசிமேடு தாண்ட முக்கால் மணி நேரம்.

லியோனார்டு காட்டுப்பள்ளிப் பக்கம் வெல்டராக இருந்தவர். நான்கு வருடத்துக்கு முன்னால் இரண்டு கண்ணிலும் உள்ளே அழற்சி வந்தது. வெல்டிங்கால் வந்ததில்லை என்றுதான் டாக்டர் சொன்னார், லியோனார்டு நம்பவில்லை. அன்றிலிருந்து வெளிச்சம் ஆகாது. ஜன்னலில் போர்வை வைத்து ஆணி அடித்திருந்தது. ஹவுசிங் போர்டு வீட்டின் இரண்டு அறைகளிலும் பகலில்கூட சுவரைத் தடவித்தான் நடக்க வேண்டும்.

"வந்துட்டியாமே? கதவ சாத்து, கதவ சாத்து."

"சாத்திகினுதான் கீறேன். இன்னா கோட்டைக் கதவா?"

"கண்ணுல ஆணி எறங்கற மாதிரி கீதுமே. உனக்கு இன்னா, நீ ஜாலியா லைட்டு போட்ட எடத்துல ஒக்காந்துகினு வர."

"ஆமா, அங்க எனக்கு டான்ஸு. வாயத் தொறக்காத, கண்ணத் தொற."

அடுப்படியில் காய் நறுக்க விளக்கைப் போடுவாள். நறுக்கி முடித்துத் திரும்புவதற்குள் அணைத்தாக வேண்டும். குளியலறைக்கும் அப்படித்தான். நான்கு வருடத்தில் இதற்கு யோசனை தேவைப்படாமல் போய்விட்டது. ஓர் அறையை விட்டு வெளியே வரும்போது அவள் வலது கை தானாகச் சுவிட்சுக்குப் போய்த் திரும்பும். கோயிலில் ஃபாதர் பூசைக்கு உடை மாற்றும் சக்ரீஸ்து அறையில்கூட ஒரு தடவை, ஃபாதர் உள்ளே இருக்கும்போதே அணைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்தாள். கல்ச்சர் அறைக் கதவைத் தள்ளியபோது உள்ளே இருட்டு. மேசை ஆடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு கணம் தன் வீட்டுக்குள் நுழைந்ததாகவே நினைத்தாள். பிறகு சனிக்கிழமையை நினைத்துப் பார்த்தாள். தோளில் போன், இடது கையில் வாளி, வலது கை. அது என்ன செய்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சுவிட்சைப் போட்டாள். நான்கு டியூப்பும் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தன. சுற்றாத ஆறு குடுவைகளும் ஒன்றும் நடக்காதது மாதிரி வெளிச்சத்தில் ஆடின. ஏறக்குறைய நாற்பத்திரண்டு மணி நேரம் அவையும் இருட்டில்தான் கிடந்திருக்கின்றன.

கதவருகே பதிவேடு தொங்கியது. காலையில் திறப்பவர் மூன்று கட்டத்தில் குறிக்க வேண்டும்: அறையின் சூடு, மேசை ஆடுகிறதா, விளக்கு எரிகிறதா. ஃப்ளோரன்ஸ் மேலே பார்த்தாள். அந்த நிமிடம் எரிந்துகொண்டுதான் இருந்தது. டிக் போட்டாள். எஃப். லியோனார்டு என்று கையெழுத்தும் போட்டாள்.

அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவள் பூவம்மா. ஒருநாள் குளிர்பெட்டியைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டாள். மறுநாள் காலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோதே ஏஜென்சியிலிருந்து போன், வரவேண்டாம் என்று. பூவம்மாவுக்கு உழைக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். ஃப்ளோரன்ஸுக்கு இந்த வேலையோடு வந்த ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தது. லியோனார்டின் கண்ணுக்குள் போடுகிற ஊசி அந்தக் கார்டில்தான் நடந்தது. அடுத்த ஊசி பதினெட்டாம் தேதி. தவறவிட்டால் பார்வையைப் பற்றித் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை பட்ட கொஞ்ச வெளிச்சமே போதுமாக இருக்கும், ஒன்றும் ஆகாது என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தட்டுகளில் புள்ளிகள் முளைத்திருந்தன. அனிஷா இரண்டு தடவை எண்ணினாள். மூன்றாம் தடவை ஒவ்வொரு புள்ளியையும் பேனாவால் குறித்தபடி எண்ணினாள். இருட்டில் நூற்று முப்பத்தெட்டு. வெளிச்சத்தில் நூற்று நாற்பத்தொன்று. எல்லாத் தட்டிலும் ரவை.

அவள் நேராகக் கழுவும் தொட்டிக்கு வந்தாள். "ஆன்ட்டி, திங்கக்கெழம நீங்க தொறந்தப்ப லைட் எரிஞ்சுதா?"

ஃப்ளோரன்ஸின் கையில் சோப்பு நுரை. இந்தக் கேள்விக்காக ஒன்றரை நாளாகக் காத்திருந்தவள்தான். இருந்தும் வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

"எரிஞ்சிகினுதான் இருந்துச்சி கண்ணு."

"நிச்சயமா?"

"புக்குல டிக்கு போட்டுகீறேன் பாரு."

அனிஷா போய்ப் பதிவேட்டைப் பார்த்தாள். திரும்பி வந்து, "சாரி ஆன்ட்டி, சந்தேகப்பட்டுக் கேக்கல" என்றாள்.

புதன்கிழமை துறைத்தலைவர் டாக்டர் பாலகணேஷ் அனிஷாவைக் கூப்பிட்டார். கெட்டவரில்லை. பிள்ளைகள் மயங்கி விழுந்தால் தன் காரில் வைத்து அழைத்துப்போகிறவர். ஆனால் சில வருடங்களுக்கு முன்னால் அவருடைய மாணவன் ஒருவன் கணக்கைக் கூட்டிக் குறைத்து எழுதி, அவர் பெயரும் சேர்ந்து கெட்டது. அதிலிருந்து எண்களைக் கண்டால் அவருக்குப் பயம். அறைக்கு வெளியே மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ஃப்ளோரன்ஸுக்கு எல்லாம் கேட்டது.

"முதல் ரெண்டு தடவை வந்தது மூணாவது தடவை எங்க போச்சு?"

"தெரியல சார். இன்னொரு தடவை செஞ்சு பாத்துடறேன். ஒரு தடவைக்குத் துகள் மீதி இருக்கு."

"அந்த ரெண்டும் எப்படி வந்துச்சு அனிஷா? எண்ணினதா, எழுதினதா?"

அனிஷா சொன்ன பதில் மட்டும் வெளியே கேட்கவில்லை. ஃப்ளோரன்ஸ் ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் திரும்பத் துடைத்தாள். அனிஷாவுக்கு இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பு வேண்டும், அதற்கு அவர் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முடிவு சொல்வதாகச் சொன்னார். நீட்டிப்பு இல்லையென்றால் நான்கு வருடமும் இத்தோடு சரி.

அன்று வீட்டில், இருட்டில் உட்கார்ந்து லியோனார்டிடம் சொன்னாள். முகம் தெரியாதது சொல்ல வசதியாக இருந்தது.

அவர் கேட்டார், "நீ டிக்கு போட்டப்ப லைட்டு எரிஞ்சிதா இல்லியா?"

"எரிஞ்சிது."

"அப்ப நீ இன்னா பொய் சொல்லிட்ட?"

"யோவ், நான் ஒன்னாண்ட வக்கீல் பாயிண்ட்டா கேட்டேன்?"

"படிச்ச பொண்ணு. எங்கன்னா பொயச்சிக்கும். நம்ப அப்படியா?" பிறகு தாழ்ந்த குரலில் சேர்த்தார். "எனக்கோசரம் சொல்லல. உன் இஸ்டம்."

அவருக்காகத்தான் சொன்னார். இருவருக்கும் அது தெரியும். அவள் எழுந்துபோய்ச் சோற்றைப் போட்டாள்.

வியாழக்கிழமை மதியம் அனிஷா தன் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "ஆன்ட்டி, அங்கிளோட அப்பாயின்ட்மென்ட் கன்ஃபர்ம் ஆயிடுச்சு. பதினெட்டு, காலைல ஒம்பது. உங்க போனுக்கு அனுப்பிட்டேன். ஆஸ்பத்திரில குடுத்த சிவப்பு அட்டையும் எடுத்துட்டுப் போங்க, போன தடவ அதுக்குத்தான திருப்பி அனுப்பிட்டாங்க." முந்தின வாரம் ஃப்ளோரன்ஸ் கேட்டிருந்தது. அந்த நிலைமையிலும் அவள் மறக்கவில்லை.

"உனுக்கு ஆயிரம் பேஜாரு இருக்க சொல்லோ இத யாரு கண்ணு செய்யச் சொன்னது?" என்றாள் ஃப்ளோரன்ஸ். குரல் கோபமாக வந்தது.

அன்று மாலை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. அவளும் நின்றாள். முறை வந்ததும் முழங்காலில் இருந்து, புருஷனை எதிர்த்துப் பேசியது, செபமாலையை இரண்டு நாள் விட்டது, எதிர்வீட்டுக்காரியைப் பற்றிக் கோள் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ஃபாதர், "வேற ஏதாவது?" என்று கேட்டார். "அவ்ளோதான் சாமி" என்றாள். வெளியே வந்தபோது சுரூபங்களுக்குத் துணி சுற்றும் நாளைக் குறித்து ஒரு பெண் கேட்டாள். தனக்குக் கை வலி, இந்த வருடம் முடியாது என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை. அனிஷா துறைத்தலைவர் அறைக்குள் போவதை ஃப்ளோரன்ஸ் பார்த்தாள். தொட்டியில் கழுவ வேண்டிய தட்டுகள் கிடந்தன. ஃப்ளோரன்ஸ் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே உள்ளே போனாள். ஏழு வருடத்தில் அந்த அறைக்கு டீ இல்லாமல் அவள் போனது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா?" என்றார் பாலகணேஷ். மேசையில் நீட்டிப்புக் கடிதம் இருந்தது. பக்கத்திலேயே கல்ச்சர் அறைப் பதிவேடு.

"சார், சனிக்கெழம லைட்ட நான்தான் ஆஃப் பண்ணிட்டேன். தெரியாம பண்ணிட்டேன். திங்கக்கெழம வந்து பாத்தா இருட்டு. நான்தான் திரும்பப் போட்டேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

அனிஷா மெல்லத் திரும்பினாள். அவள் முகத்தை ஃப்ளோரன்ஸ் பார்க்கவில்லை.

பாலகணேஷ் நாற்காலியில் சாய்ந்தார். "அனிஷா, நீங்க சொல்லச் சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"செவ்வாய்க்கெழம கேட்டப்ப எரிஞ்சுதுன்னு இவங்க சொன்னதா நீங்கதான் எங்கிட்ட சொன்னீங்க." பதிவேட்டைத் திறந்து ஃப்ளோரன்ஸ் பக்கம் திருப்பினார். "இது யார் கையெழுத்து?"

"என்துதான் சார்."

"எரியுதுன்னு போட்டிருக்கு."

"போட்டப்ப எரிஞ்சிது சார். அதுக்கு முன்னாடி எரியல."

"அங்க நோட்டீஸ் ஒட்டியிருக்கே, நீங்க படிக்கலியா?"

"நான்தான் சார் ஒட்டுனேன்." கையை மறுபடி ஏப்ரனில் துடைத்தாள். "எங்க வூட்ல லைட்டு ஆவாது சார். எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு... ரூம உட்டு வெளிய வந்தா கை அதுவா போய் ஆஃப் பண்ணிடும். படிச்சி இன்னா சார், கை படிக்குமா?"

அவர் சிரிக்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேசியபோது குரலில் கோபமில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

"ஃப்ளோரன்ஸ், யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்றது நிஜம்னா, தப்பான பதிவு போட்டவங்கள இங்க வச்சுக்க முடியாது. இன்னிக்கே ஏஜென்சிக்கு எழுதியாகணும். இந்தப் பொண்ணு மேல பாவப்பட்டுச் சொல்றீங்கன்னா, இப்பவே சொல்லிடுங்க, நான் மறந்துடறேன். அப்புறம் இவங்க நம்பருக்கு இவங்கதான் பதில் சொல்லணும். எது?"

"ஆன்ட்டி" என்றாள் அனிஷா. பதினெட்டாம் தேதி அவளுக்கும் தெரியும்.

ஃப்ளோரன்ஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனிகள் ஈரத்தில் ஊறிச் சுருங்கியிருந்தன. பாவப்பட்டுச் சொன்னேன் சார் என்று ஒரு வார்த்தை போதும். அப்புறம் தொட்டிக்குப் போகலாம், ரெண்டு மணிக்கு லியோனார்டுக்கு போன் போட்டுச் சொட்டு மருந்து விட்டாயா என்று கேட்கலாம்.

"நெசம்தான் சார்" என்றாள்.

அவர் தலையசைத்தார். நீட்டிப்புக் கடிதத்தை எடுத்துப் பதிவேட்டுக்குள் வைத்து மூடினார். கையெழுத்துப் போட்டாரா, போடவில்லையா என்று அவள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. போனை எடுத்து ஏஜென்சி நம்பரைத் தேடியபடியே எழுந்தார்.

"சார்" என்றாள் ஃப்ளோரன்ஸ். "அப்ப இந்தப் பொண்ணுக்கு இன்னொரு தடவ செய்ய உடுவீங்கள்ல? ஒரு தடவைக்கு வெள்ளி மீதி கீதாம். ஏஜென்சில வேற ஆளு அனுப்ப எட்டு நாளோ பத்து நாளோ ஆவும், என்ன அனுப்பறதுக்கு முன்னாடியே செஞ்சிடட்டும். ரெண்டு நாளும் நான் அந்த சுவிட்சாண்டயே ஒக்காந்துக்கறேன். உடுவீங்கள்ல சார்?"

பாலகணேஷ் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவைத் திறந்து, வெளியே போனார்.